கதவோரக் குளிர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, நமக்குள் என்ன. இன்றைக்கு ஆகாயத்தில் போகிற ஒரு கூடத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதற்குள் மூச்சுக்காற்று எப்படி வருகிறது, கதகதப்பு எப்படி வருகிறது என்று சொல்வேன். நடுவில் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையும் வரும்.

அவன் விமான மெக்கானிக். எஞ்சின் பக்கம் போகமாட்டான், சக்கரத்தைத் தொடமாட்டான். உள்ளே ஓடுகிற காற்றுக் குழாய்கள்தான் அவன் வேலை. கூட்டாளிகள் அவனைக் காற்றுக்காரன் என்றே கூப்பிட்டார்கள். அவள் அதே கம்பெனியில் விமானப் பணிப்பெண். ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அவனுக்கு அவள் குருவி. கம்பெனி சின்னது, விமானங்களும் சொற்பம். அதில் ஒன்றின் பின்கதவோரம் பணிப்பெண்கள் உட்கார ஒரு மடக்கு இருக்கை உண்டு. அதில் உட்கார மற்றவர்கள் யோசிப்பார்கள். சுற்றிச் சுற்றி அது குருவி தலையிலேயே விழும்.

அங்கே உட்கார்ந்தால் கால் விறைத்துவிடும். விரல்கள் சிவந்து வீங்கி, வீடு வந்த பிறகும் நமநமவென்று அரிக்கும்.

"கதவு வழியா காத்து வருதுங்க," என்றாள் ஒருநாள், சாப்பிடும்போது.

"வராது," என்றான் அவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவன் சொன்னதிலும் தப்பில்லை, கேளுங்கள். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். அதை இழுத்தால் மூச்சுக்குப் பத்தாது, ஆள் மயங்கிவிடுவான். குளிரோ, நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத குளிர். அதனால் எஞ்சின் இழுத்து நெருக்குகிற காற்றில் கொஞ்சத்தைப் பயணிகளுக்கென்று திருப்பிக்கொள்கிறார்கள். நெருக்கின காற்று சுடும். சைக்கிளுக்குக் காற்றடித்த பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விமானத்தின் வயிற்றில் இருக்கிற இயந்திரங்கள் அதை நன்றாகக் குளிர வைக்கும். அப்புறம் கொஞ்சம் சுடுகாற்றைக் கலந்து, குளிக்கிற தண்ணீரை விளாவுகிற மாதிரி, பதமாக்கி உள்ளே அனுப்புவார்கள். வால் பக்கம் ஒரு சின்ன வாய் இருக்கிறது. அது அளவாகத் திறந்து மூடி, பழைய காற்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஆக, உள்ளே இருக்கிற காற்றுக்குத்தான் எப்போதும் பலம் அதிகம். கதவில் இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளேயிருந்து வெளியேதான் பாயும்.

இதையெல்லாம் அவன் டம்ளரைக் கவிழ்த்து வைத்து விளக்கினான்.

"நீங்க உங்க குழாயையே கட்டிக்கிட்டிருக்கலாம்," என்றாள் குருவி. "அதுக்குக் காலும் கிடையாது, வலியும் கிடையாது."

ஆனாலும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் அந்த விமானம் பணிமனைக்கு வந்தபோது, கதவுகளைச் சாத்தி, தரையிலேயே உள்ளே காற்றை ஏற்றி, பின்கதவின் ரப்பர் விளிம்பு நெடுகக் காதை வைத்துக் கேட்டான். 'உஸ்' என்ற சத்தம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து வெற்றி வீரன் மாதிரி சொன்னான்:

"கதவு கல்லு மாதிரி இருக்கு. குளிரு உன் மனசுலதான் இருக்கு."

குருவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் போயிட்டு வந்து ஆபீஸ்ல சொல்லிடுறேன். இனிமே நான் பறக்கல."

"குளிருக்காகவா வேலையை விடுவாங்க?"

"குளிரைக்கூடப் பொறுத்துக்குவேங்க. வீட்டுக்கு வந்து கோர்ட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறது என்னால ஆகாது."

அவனுக்குச் சுருக்கென்றது. அந்த வேலை அவளுக்கு உயிர் என்று அவனுக்குத் தெரியும். முதல்முறை பறக்கிறவர்களின் முகத்தைப் பற்றி வந்து வந்து கதை சொல்வாள். படுத்தான், தூக்கம் பிடிக்கவில்லை.

காலையில் தலைமை மெக்கானிக்கிடம் போய் நின்றான். "சார், அந்த விமானத்துல நானும் போய்ப் பாத்துட்டு வரேன்."

"என்னப்பா, பொண்டாட்டிக்குக் காவலா?"

"இல்ல சார், அவ காலுக்கு."

பெரியவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

கடைசி வரிசையில், கதவை ஒட்டி அவனுக்கு இடம் கிடைத்தது. குருவி வந்தாள். யாரோ போல முகத்தை வைத்துக்கொண்டு, "சார், பெல்ட்டைப் போடுங்க. முன்ன பின்ன பறந்ததில்லையா?" என்றாள்.

விமானம் உயரம் பிடித்ததும் அவன் ஷூவைக் கழற்றினான், சாக்ஸையும் கழற்றினான். பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவன் உள்ளங்கால் மரத்துப்போனது. ஒரு டிஷ்யூவை மெல்லிசாகக் கிழித்து எழுந்துபோய்க் கதவின் விளிம்பில் பிடித்தான். அசையவில்லை. நான் சொன்னேனே என்று ஓர் அற்ப சந்தோஷம் வந்தது. பிறகு அவள் இருக்கைக்குக் கீழே, சுவரில் இளஞ்சூட்டுக் காற்று வரவேண்டிய துளைகளின் முன்னால் பிடித்தான். படபடக்க வேண்டிய காகிதம் செத்தது போலத் தொங்கியது. இன்னும் கீழே, தரையோரம் இறக்கினான். அதன் நுனி கதவுப் பக்கமிருந்து மெல்ல வளைந்து, அவள் கால் வைக்கிற இடத்தைக் காட்டியது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. வெளிக்குளிரில் கதவு சில்லிட்டிருக்கிறது. அதைத் தொட்ட உள்காற்று குளிர்ந்து, கனத்து, கதவோடு வழிந்து தரையில் பரவுகிறது. அதை விரட்ட வேண்டிய சூடு வந்து சேரவே இல்லை.

"குருவி."

"சொல்லுங்க சார்."

"காத்து வருது. கதவுப் பக்கமிருந்துதான் வருது."

"வராதுன்னீங்க?"

"வெளியிலேருந்து வரல. ஆனா வருது. கதவுக்குக் காது குடுத்தேன், உனக்குக் குடுக்கல."

யாரோ தண்ணீர் கேட்டார்கள் என்று போய்விட்டாள். யாரும் கேட்கவில்லை.

இறங்கியதும் விமானியிடம் சொல்லிவிட்டு அவன் சுவர்ப் பலகையைக் கழற்றினான். உள்ளே குழாய் ஒன்று பிடிப்பு நழுவிக் கிடந்தது. அவள் காலுக்கு வரவேண்டிய கதகதப்பெல்லாம் ஆளில்லாத சுவர் இடுக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. மாட்டினான், முறுக்கினான், இழுத்துப் பார்த்தான். வாலில் இருக்கிற சின்ன எஞ்சினை ஓடவிட்டுக் காற்றைத் திறக்கச் சொன்னான். சூடு சரியாக வருகிறதா பார்க்க, வெறுங்காலோடு அவள் இருக்கையில் உட்கார்ந்தான். இரவெல்லாம் தூங்காத உடம்பு. இதமான காற்று காலில் பட்டதும் கண் சொருகிவிட்டது.

குப்பைப் பையோடு வந்த குருவி அப்படியே நின்றாள். பின்னால் வந்த இளைய பணிப்பெண் கேட்டாள்: "அக்கா, நாளையிலேருந்து வரமாட்டேன்னீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"சரி, இவரை எழுப்பட்டுமா? ஆளுங்க ஏறப்போறாங்க."

"கொஞ்சம் பொறு. கால்ல சூடு ஏறட்டும்."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவர் குளிருது என்றால் இன்னொருவர் போர்வையோடு எழுந்து வரட்டும், ஏன் எதற்கு என்பதை அப்புறம் கேட்கட்டும். எல்லாரும் சுகமாக இருங்கள்.