அப்பா நின்ற கார்னர்

என்னால் ஒரு இடத்தில் அடங்கி உட்கார முடியாது. சோறு தின்னும்போதும் கால் ஆடிக்கொண்டேயிருக்கும். கோயிலில் தீபாராதனைக்கு நிற்கும்போதும் குதிகால் தரையில் தங்காது. "இவளுக்க வெப்ராளம் கொஞ்சநஞ்சம் இல்ல, கேட்டியளா" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, குளத்தூரில் பாதிப் பேருக்கு நான் மோகனன் மகள் ஆர்யா இல்லை, வெப்ராளக்காரி.

பாக்ஸிங்குக்குப் போனதும் அதனால்தான். ஆடுகிற காலுக்கு அங்கே மரியாதை உண்டு. எட்டு வருஷம் மாவட்டம், மாநிலம் என்று அடித்தும் அடி வாங்கியும் வீட்டு ஷோகேஸில் பதினொரு மெடல் சேர்ந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வரும் வரும் என்று அம்மா போஸ்ட்மேன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. இருபத்து மூன்று வயதில் எனக்குப் பொறுமை போய், இனி புரொஃபஷனல்தான் என்று லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் நேரத்துக்குச் சோறு போட்டாள்.

முதல் சண்டை எர்ணாகுளத்தில். சண்டைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற சிஜு போனில் சொன்ன விதம் இன்னும் காதில் நிற்கிறது.

"அவ கொச்சிக்காரி. அவளுக்கும் இது முதல் சண்டை. டிக்கெட் விக்கிறதே அவளுக்க பேர்லயாக்கும். நீ நாலு ரவுண்டும் விழாம நின்னா போதும், மக்கா."

அதாவது நான் போவது தோற்பதற்கு. இந்தத் தொழிலில் அப்படி ஒரு கூட்டமே உண்டு. உள்ளூர்க்காரி ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே வெளியூரிலிருந்து கூட்டிவரப்படுகிறவர்கள். முதல் சண்டையில் தோற்றால் அது பேருக்கு நேரே ஏறிவிடும். இணையத்தில் தட்டினால் எவரும் பார்க்கலாம். அதற்கப்புறம் தோற்க ஆள் தேவைப்படும்போது மட்டும்தான் போன் வரும். எனக்கு அந்த முதல் ஜெயம் வேண்டும். எப்படி வேண்டும் என்றால், ராத்திரி தூக்கத்திலும் கை மடங்கியே இருக்குமளவுக்கு வேண்டும்.

சண்டைக்கு நாலு நாள் இருக்கும்போது என் கோச் சஜன் அண்ணனுக்கு டெங்கு. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறிக்கொண்டிருக்க, அவர் என்னைவிடத் துடித்தார். ரிங்கின் மூலையில், அதாவது கார்னரில், எனக்கென்று ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். ரவுண்டு முடிந்ததும் ஸ்டூல் போட்டு, தண்ணீர் தந்து, மூக்கில் ரத்தம் வந்தால் துடைக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் சண்டை இல்லை.

"நான் வாறேன்" என்றார் அப்பா.

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எட்டு வருஷத்தில் அப்பா என் ஒரு சண்டையைக்கூடப் பார்த்ததில்லை. மகள் அடி வாங்குவதைப் பார்க்க மனசு வராது என்பார். கொத்து வேலை, அது விட்டால் வடம்வலி. இரண்டு பக்கமும் ஏழேழு பேர் நின்று கயிறு இழுக்கிற அந்த ஆட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் இருக்கிற வெறி வேறு எதற்கும் இல்லை. இருபது வருஷம் கயிற்றின் கடைசி ஆளாக நின்றவர் அப்பா. முட்டி தேய்ந்த பிறகு டீமுக்குத் தாளம் போடுகிறவர் ஆனார். வரிசைக்குப் பக்கத்தில் நின்று தோளில் கிடக்கும் துண்டை, எங்கள் பேச்சில் துவர்த்தை, எடுத்துச் சுழற்றுவார். துவர்த்து கீழே வரும்போது ஏழு பேரும் ஒரே மூச்சில் இழுப்பார்கள். ஜெயித்துவிட்டால் அந்தத் துவர்த்து ஆகாசத்துக்குப் போகும். பக்கத்து ஊரான காரோட்டில் எந்த மைதானத்தில் அது பறந்தாலும் கிழக்கே நிற்கிறவனுக்கும் தெரியும், மோகனன் டீம் ஜெயித்துவிட்டது என்று.

கிளம்பும் அன்று காலையில் சஜன் அண்ணன் போன் செய்தார். "அப்பாட்ட குடு. கார்னருக்கு உள்ள ரூல்ஸ் நாலஞ்சு உண்டு, சொல்லித் தாறேன்."

எனக்கு டிரெயினுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம். எடை குறைப்பதற்காக முந்தின நாளிலிருந்து சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காத எரிச்சல் வேறு. அதோடு, உண்மையைச் சொன்னால், சிமென்ட் கறை போகாத கையோடு அப்பா அந்த வெளிச்சத்தில் எல்லாரும் பார்க்க நிற்பார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. "அவரு வெள்ளக் குப்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும் அண்ணா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த போனை நான் வைத்தேன். வேறு யாரும் வைக்கவில்லை.

எர்ணாகுளத்தில் எடை சரியாக நின்றது. மறுநாள் சாயங்காலம் ஹாலில் ஆயிரம் பேருக்குக் குறையாது. கொச்சிக்காரி வந்தபோது கூரை இடிந்தது. நான் வந்தபோது பின்வரிசையில் யாரோ கேலியாகக் கூவினார்கள். எனக்கு உடம்பெல்லாம் நமநமவென்றிருந்தது. மணி அடிக்க இன்னும் ஏன் இத்தனை நேரம் என்று நடுவரையே அடித்துவிடலாம் போலிருந்தது.

முதல் ரவுண்டு அவளுடையது. கை நீளம், நல்ல பயிற்சி, வெட்டி வெட்டி அடித்தாள். நான் அவசரப்பட்டு உள்ளே பாய்வதும் மூக்கில் வாங்குவதுமாக இருந்தேன். ஸ்டூலில் வந்து விழுந்தபோது அப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. வாயில் தண்ணீரை ஊற்றிவிட்டு, "பின்னால சாஞ்சு நில்லு மக்கா, பின்னால" என்றார். வடம்வலியில் பின்னால் போகிறவன்தான் ஜெயிப்பான். இங்கே பின்னால் போனால் கயிற்றில் முதுகு முட்டும். எனக்கு அந்த மூச்சு முட்டலிலும் சிரிப்பு வந்தது.

இரண்டாவது ரவுண்டில் அவளுடைய ஒரு பழக்கம் பிடிபட்டது. வலது கையால் அடித்துவிட்டுத் திரும்பும்போது முழங்கை விலாவை விட்டுக் கொஞ்சம் விலகும். கண் சிமிட்டும் நேரம்தான். எனக்கு அது போதும். கண் சிமிட்டும் நேரத்தில்தான் நான் பிறந்ததிலிருந்து வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

மூன்றாவது ரவுண்டில் இடது கையைக் கீழிருந்து கொண்டுபோய் அவள் வலது விலாவுக்கு அடியில் இறக்கினேன். ஈரலில் விழுகிற அடி கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும். அவள் ஒரு அடி நடந்தாள். அப்புறம் முட்டி மடங்கி, நெற்றி தரையில் படக் குனிந்துவிட்டாள். நடுவர் என்னை எதிர் மூலைக்குப் போகச் சொல்லிவிட்டு எண்ண ஆரம்பித்தார். பத்துக்குள் எழாவிட்டால் அவள் தோற்றாள். ஒன்று. இரண்டு. அவளால் எழுந்திருக்க முடியாது. எனக்குத் தெரியும், அந்த அடியை நானும் வாங்கியிருக்கிறேன். மூன்று. நாலு.

அப்போது ஒரு துவர்த்து ஆகாசத்துக்குப் போனது.

சிவப்புக் கரை போட்டது, எங்கள் வீட்டுக் கொடியில் தினமும் காய்வது. விளக்குகளுக்கு நேரே போய் விரிந்து, சாவகாசமாக இறங்கி, ரிங்கின் நடுவில் விழுந்தது. கார்னரிலிருந்து துண்டு உள்ளே விழுந்தால் இந்த ஆட்டத்தில் ஒரே அர்த்தம்தான். எங்கள் ஆளால் இனி முடியாது, தோல்வியை ஒத்துக்கொள்கிறோம், நிறுத்துங்கள். நடுவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு, சண்டை நின்றது என்று இரண்டு கையையும் வீசினார்.

கீழே மேஜையிலிருந்து மேற்பார்வையாளர் எழுந்து அப்பாவிடம் போனார். அவர் நல்ல மனுஷன். ஜெயித்துக்கொண்டிருக்கிற கார்னர் எதற்குத் துண்டு எறியும் என்று அவருக்கே சந்தேகம். கை தவறி விழுந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் எடுத்து வெளியே போட்டுவிட்டு எண்ணுவதைத் தொடரச் சொல்லியிருப்பார்.

"இது கை தெற்றி வீணதாணோ? அதோ நிங்ஙள் எறிஞ்ஞதாணோ?" கை தவறியதா, நீங்களே எறிந்ததா என்று மலையாளத்தில் கேட்டார்.

நான் எதிர் மூலையிலிருந்து கத்தினேன். கை தவறி விழுந்தது என்று சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா என்று தொண்டை கிழியக் கத்தினேன். வாயில் பல்லுக்குப் போட்ட கார்டு. வெளியே வந்தது வெறும் ஓலம். அப்பா அதைச் சந்தோஷக் கூச்சல் என்று நினைத்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, ஹாலுக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஞான்தன்னெ எறிஞ்ஞது! ஞான் அவளுடெ அச்சன்!"

அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கொச்சிக்காரியைத் தூக்கி நிறுத்தி, அவள் கையை உயர்த்தியபோது அவளே திருதிருவென்று விழித்தாள். அப்பா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ அவர் காதில் விளக்கிச் சொன்னார்கள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

உடை மாற்றும் அறையில் நான் சொன்னதை இங்கே முழுக்கச் சொல்ல மாட்டேன். "எட்டு வருஷம் வராதவரு இன்னிக்கு எதுக்கு வந்திய?" என்றது மட்டும் போதும். அப்பா என் கைக்கட்டைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். தோலில் படாமல் வெட்டினார்.

மறுநாள் டிரெயினில் பாறசாலை வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன். ஸ்டேஷனுக்கு வெளியே சாயாக் கடையில் வடம்வலிக்காரர்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். "மோகனண்ணா, நம்ம பிள்ளை ஜெயிச்சாளா?" அப்பா நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அவ அடிச்சு விழ வச்சா. நான் துவர்த்த எறிஞ்சு தோக்க வச்சேன்." ஒருவனும் களியாக்கவில்லை, கேலியாக ஒரு வார்த்தைகூட இல்லை. களியாக்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மாசம் வீடு வீடாக இல்லை. ஓணத்துக்கு டீம் கூப்பிட்டும் அப்பா போகவில்லை. நான் வந்தால் அவர் எழுந்து வெளியே போவார். அம்மா நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டினாள். எனக்குக் கோபம் ஆறவில்லை. அவர்மேல் பாதி, அந்த போனை வைத்த என்மேல் பாதி. எதை முதலில் அடிப்பது என்று தெரியாமல் ரோட்டில் ஓடினேன், காரோடு ஊர் வரை, திரும்ப, மறுபடியும் காரோடு வரை.

அப்போதுதான் சிஜு கூப்பிட்டான்.

"மங்களூர்ல ஒருத்தி. ஆறு சண்டை, ஆறு ஜெயம். அவளுக்க மேனேஜர் உனக்க ரெக்கார்டைப் பாத்தான். ஒரு சண்டை, ஒரு தோல்வி. சம்மதிச்சாச்சு."

"நான் ஜெயிச்சிருந்தா?"

"ஜெயிச்சிருந்தா அவ உன்னை விளிச்சிருக்கவே மாட்டா" என்று சிரித்தான். "வாறியா, இல்லியா?"

வருகிறேன் என்றேன். மங்களூர்க்காரியின் ஆள் பார்த்தது ஒரு தோல்விக் கணக்கை. நான் அவளுக்குக் கையைக் காட்டுகிறேன். ஆனால், இரண்டாவதும் தோற்றால் தோற்பதற்கு வருகிற அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி, அவ்வளவுதான்.

சஜன் அண்ணன் வீடு திரும்பியிருந்தாலும் கை தூக்கத் தெம்பில்லை. அன்று சாயங்காலம் முற்றத்தில் நான் காற்றை அடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே பார்த்தார். பிறகு வந்து, சுவரில் மாட்டியிருந்த அடி வாங்குகிற பேடு இரண்டையும் எடுத்தார்.

"உங்களுக்குத் தெரியாது."

"நிக்கத் தெரியும்" என்றார்.

போட்டுக்கொண்டு, கயிற்றின் கடைசி ஆளாக நிற்கிற மாதிரி காலை அகட்டி ஊன்றினார். நான் அடித்தேன். முதலில் லேசாக. அப்புறம் லேசாக இல்லை. சஜன் அண்ணன்கூட என் இடது கைக்கு ஒரு அடி பின்வாங்குவார். அப்பா அசையவில்லை. அந்தப் பாழாய்ப்போன நாலு எண்ணிக்கைக்காக அடித்தேன். ஓலமாகப் போன என் சத்தத்துக்காக அடித்தேன். கண்ணில் வியர்வையா வேறா என்று தெரியாமல் அடித்தேன். அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "எட்டி, அவருக்க கை போயிரும்" என்றாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் உண்டா?" என்று என்னிடம் கேட்டார்.

"உண்டு."

"அப்பம் அடி."

மூச்சு வாங்க நான் நின்றபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "மங்களூருக்கு யாரு வாறா உனக்க கூட?"

"நீங்கதான்."

பேடு இரண்டும் கீழே தொங்கின. "வேண்டாம் மக்கா. என்னைக் கொண்டு ஆவாது. இன்னொருக்க உன்னை நான்..." ஐம்பத்தாறு வயது ஆள், கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். எனக்கு அவரை மன்னிக்க முடியவில்லை. அவர் இல்லாமல் அந்த ரிங்கில் ஏறவும் முடியாது என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. ஆயிரம் பேர் இருந்த ஹாலில் நான் ஜெயித்தேன் என்று சந்தோஷப்பட்டது அவர் ஒருவர்தான்.

"சஜன் அண்ணன் ரூல் புக் தருவாரு. முழுக்கப் படிக்கணும். தினமும் நான் கேள்வி கேப்பேன், தெரியாட்டா சோறு கிடையாது" என்றேன். "இப்ப கையத் தூக்குங்க."

தூக்கினார்.