தெளிக்காமல் விட்ட துண்டு

கடைகளில் யூரியா கிடைக்காமற்போன அந்த மாரிக் காலபோக நெற்செய்கையில், அடம்பன் கமக்காரருக்கு ஆளுக்கு இரண்டு போத்தல் நனோ திரவ உரம் வழங்கப்பட்டது. கதிர்காமு போத்தலைக் குலுக்கிப் பார்த்தார். திறந்து முகர்ந்தும் பார்த்தார். மூட்டை மூட்டையாக வீசிய உரம் இதற்குள் அடங்குமென்பதை அவர் மனம் ஒப்பவில்லை.

"வேருக்குப் போடுறதை இலைக்கு அடிக்கிறதோ? சோத்தை முதுகிலை பூசினால் பசி போகுமோ, தம்பி?" என்று மருந்தடிக்க வந்த தனஞ்சயனைக் கேட்டார்.

"இலையிலை சின்னச் சின்னத் துவாரம் இருக்காம், அண்ணை. அதுக்குள்ளாலை போகுமாம்."

போர் முடிந்து மீள்குடியேறி வந்து பற்றை வெட்டித் திருத்திய வயல் அது. இவ்விளைச்சல் பொய்த்தால் அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் மிஞ்சாது. ஆதலின் கதிர்காமு ஒரு சோதனை வைத்தார். கிழக்கு வரம்போரத் துண்டில் ஒரு சொட்டும் விழாதபடி தடுத்துவிட்டார்.

சில கிழமைகளின் பின் பார்த்தால், தெளித்த பயிர் இளம்பச்சையாக நிற்க, தெளிக்காத துண்டோ கரும்பச்சையாகத் தழைத்திருந்தது.

"வெறுந் தண்ணியைத் தந்து ஏமாத்திப்போட்டாங்கள். இல்லாட்டில் நீ உரத்தை வேறை ஆரின்ரையோ வயலுக்கு அடிச்சுப்போட்டாய்."

"ஓம் அண்ணை, மிச்சத்தைக் குடிச்சும் போட்டன்," என்றான் தனஞ்சயன்.

கதிர்காமு சிரிக்கவில்லை. இரண்டாம் போத்தலை வாய்க்காலில் ஊற்றிவிட மூடியைத் திருகினார். அவ்வேளை தேநீர் கொண்டுவந்த மனைவி சிவபாக்கியம் வரம்பில் நின்று அத்துண்டையே பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, கோடையிலை நீங்கள் விடத்தல்தீவிலை வேலைக்கு நிண்டனீங்களெல்லே. அப்ப மீராசாஹிபு நானாவின்ரை மாட்டுப் பட்டியை அந்தத் துண்டிலைதான் அடைச்சு வைச்சனான். சாணியும் மூத்திரமுமாக் கிடந்ததை உழுது மறைச்சாச்சு."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் எங்கை கேட்டனீங்கள்? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டியள், என்னட்டை மட்டும் ஒண்டும் கேக்கேல்லை."

கதிர்காமு போத்தல் மூடியை மீண்டும் இறுக்கினார். உரம் பொய்யென்பதற்கும் மெய்யென்பதற்கும் இப்போது அவரிடம் சாட்சி ஏதுமில்லை. பயிரோ, தண்டுக்குள் கதிர் உருவாகும் குடலைப் பருவத்தை நெருங்கியிருந்தது. பசியோடு காத்திருக்க அதனால் இயலாது. போத்தலைத் தனஞ்சயனிடம் நீட்டினார்.

"அடி. ஆனால் மேற்கு மூலையிலை ஒரு துண்டு விடு."

"அங்கை ஆரின்ரையும் மாட்டுப் பட்டி கிடந்ததோ?"

"அங்கை ஒண்டும் கிடக்கேல்லை," என்றாள் சிவபாக்கியம்.

கதிர்காமு மேற்கு மூலைக்கு நடந்து, குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளி முகர்ந்தார். அதன் பின்னரே தெளிக்குமாறு கையசைத்தார்.