பால் சுண்டாத விறகு

சோழபுரத்துக்கு மேற்கே, கம்பிவேலி போட்ட ஒன்றரை ஏக்கரில் அறுபது மலைவேம்பு மரங்கள் நின்றன. மரத்துக்கு உறுதி கொடுக்கும் லிக்னின் என்ற சத்து குறையும்படி அவற்றின் மரபணுவை சிவரஞ்சனி மேடம் மாற்றியிருந்தார். காகித ஆலையில் சீக்கிரம் கூழாகுமாம். மரத்துக்கு எலும்பை உருவிவிட்டார்கள் என்றது ஊர்.

காவலாளி பேச்சிமுத்துவுக்கு இரண்டே கட்டளைகள். மொட்டு விட்டால் கிள்ள வேண்டும்; ஓர் இலைகூட வேலியைத் தாண்டக் கூடாது. யார் வந்துபோனாலும், மேடமே ஆனாலும், வாசலில் நிறுத்தி உடுப்பை உதறவைத்து, செருப்பைத் தட்டவைத்துத்தான் அனுப்புவார். மூன்று வருடம் இப்படி.

ஆனியில் மரங்களை வெட்டினார்கள். அடிமரங்கள் பூட்டிய லாரியில் ஆய்வகத்துக்குப் போயின; முடிவு வர இரண்டு மாதமாகும். காய்ந்த கிளைகளை வேலிக்குள் இருக்கும் குழியில் எரிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். குறை இல்லையென்றால், வ. புதுப்பட்டியில் வரப்போகும் அடுத்த தோட்டத்தில் பேச்சிமுத்துவுக்கு நிரந்தர வேலை. ஐம்பத்திரண்டு வயதில் அவர் வாழ்க்கையில் நிரந்தரம் என்று எட்டிப்பார்த்த முதல் சங்கதி அதுதான்.

குழிக்கு முன்னால் தீப்பெட்டியோடு நின்றவருக்குக் கை வரவில்லை. மேலே ஒரு பாத்திரமும் இல்லாமல் விறகை அடுக்கித் தீ வைப்பது சுடுகாட்டில் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து மைத்துனன் வேல்பாண்டி குட்டியானை வண்டியில் வந்து இறங்கினான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா அடுப்பு நடத்துபவன். ஆடிப்பூரக் கூட்டத்தில் அவனுக்கு விறகு தீர்ந்திருந்தது.

"எரிக்கணும்னுதான அத்தான் சொல்லிருக்காவ? என் அடுப்புல போட்டா எரியாமலா போவும்?"

பேச்சிமுத்துவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கடமையை விடவில்லை. விறகின்மேல் தார்ப்பாயைக் கட்டி, தானும் ஏறி உட்கார்ந்து போனார். ஒவ்வொரு குச்சியும் அடுப்புக்குள் போவதை நின்று பார்த்தார்.

விறகு பொசுக்கென்று பிடித்தது, பொசுக்கென்று அடங்கியது. இரண்டு மணி நேரத்தில் கோவாவாக வேண்டிய பால், நாலு மணி நேரமாகியும் பாலாகவே கிடந்தது. வேல்பாண்டி கரண்டியும் கையுமாக நின்று திட்டித் தீர்த்தான். பேச்சிமுத்து சாம்பலைச் சாக்கில் அள்ளிவந்து குழியில் கொட்டினார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி மேடத்தோடு வந்து குழியைப் பார்த்தார். குழியோரத்துப் புல்லையும் பார்த்தார். தீயின் சூடு படாமல் புல் பச்சையாக இருந்தது. பேச்சிமுத்துவுக்குப் பொய் வராது; நடந்ததைச் சொல்லிவிட்டார்.

"எல்லாம் எரிஞ்சதுக்கு யார் சாட்சி?" என்றார் அதிகாரி.

வேல்பாண்டியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஒரு குச்சி மிச்சமில்ல சார். அம்புட்டையும் தின்னுட்டு நாப்பது லிட்டர் பாலைச் சுண்ட விடல. அதெல்லாம் ஒரு வெறகா? அட்டைப்பெட்டி எம்புட்டோ தேவல."

'முற்றிலும் அழிக்கப்பட்டது' என்று அதிகாரி எழுதினார். அடுத்த வரியில் 'வேலிக்கு வெளியே' என்று எழுதினார். அந்த இரண்டாவது வரியில் வேலை போனது.

மேடம் போனை வாங்கி, எத்தனை கிலோ விறகு, எத்தனை மணி நேரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று வருடத்தில் முதன்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. விறகுக்குச் சூடு கொடுப்பதும் லிக்னின்தான்; அது நிஜமாகவே குறைந்திருக்கிறது. சிரித்து முடித்த பிறகுதான் பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"நீங்க என்ன மேடம் செய்விய" என்றார் பேச்சிமுத்து. சாவியை மேடத்திடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

அங்கே நின்று துண்டை உதறினார். சட்டையை உதறினார். செருப்பைக் கழற்றித் தட்டினார். காலர் மடிப்பிலிருந்து காய்ந்த இலை ஒன்று விழுந்தது. அதைப் பொறுக்கி வேலிக்குள் போட்டுவிட்டு வெளியே போனார்.