கண்ணை மூடி, ஒற்றைக் காலில்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பூஜ்யத்திலிருந்து கிடைத்தது. பிசியோதெரபி படிக்கும் பெண் ஒருத்தியின் தாளில் எல்லாக் கட்டங்களிலும் எண்கள் இருக்க, ஒன்றில் மட்டும் பூஜ்யம். அதைப் பற்றிப் பேச மறுத்துவிட்டாள். ஆகவே இனி வருவது என் கற்பனை. அவளுக்குக் கிருத்திகா என்று பெயர் வைக்கிறேன்.

2

வீரபாண்டிப் பக்கம் பரபரப்பாக இயங்கும் ஒரு பனியன் கம்பெனியில்... (வேண்டாம். விளம்பரம் போல இருக்கிறது.)

கிருத்திகா அந்தக் கம்பெனியில் இருபது பெண்களைச் சோதிக்க வந்திருந்தாள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். முதலில் வெறுங்காலில், பிறகு ஹீல்ஸ் போட்டு. எத்தனை முறை தடுமாறுகிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்வாள். வெறுங்காலில் ஓரளவு நின்றவர்கள் ஹீல்ஸில் ஆடிப்போனார்கள். எதிர்பார்த்ததுதான்.

கடைசியாக வந்தவள் அனுசுயா*. உசிலம்பட்டிக்காரி, வயது இருபத்திரண்டு. துணி வாங்கும் பையர் வரும்போது சாம்பிள் துணிகளை உடுத்திக் காட்டுவது அவள் வேலை. கம்பெனி கொடுத்த ஹீல்ஸில் மூன்று வருடமாக நிற்கிறாள்.

வெறுங்காலில் இரண்டு நொடி. அப்படியே பின்னால் சாய்ந்தாள். கையை ஊன்றக்கூட முயலவில்லை. கிருத்திகா பாய்ந்து பிடித்தாள்.

ஹீல்ஸில் ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டாயிற்று. பக்கத்து ஹாலில் ஓடிய தையல் மெஷின்களின் அதிர்வில் மேசை மேலிருந்த டம்ளர் தண்ணீர் ஆடியது. அனுசுயா ஆடவில்லை. தாளில் பூஜ்யம்.

* முதலில் வர்ஷினி என்று வைத்திருந்தேன். அந்தப் பெயரில் அவள் விழ மறுத்தாள்.

3

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. ஹீல்ஸ் போட்டுப் போட்டுக் கெண்டைக்கால் தசை இறுகிப்போயிருக்கும் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் விழுவதற்கு அது காரணமாகலாம். அசையாமல் நிற்பதற்கு?)

எப்படி முடிகிறது என்று கேட்டாள் கிருத்திகா. அனுசுயா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதப் போட்டா பின்னால இருந்து பிடிச்சுக்கிறாங்கக்கா. இடுப்புல. ரெண்டு கையி."

"யாருங்க?"

"திரும்பிப் பாத்ததில்லக்கா."

முதல் வருடம் பிடி லேசாக இருந்ததாம். இப்போது விலா வரை ஏறி, சில நாள் மூச்சு முட்டுகிறதாம். கழற்றினால் விழுந்துவிடுவோம் என்று குளிக்கும்போதும் ஹீல்ஸோடுதான் நிற்கிறாளாம். தாளில் எழுத வேண்டாம், தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று கெஞ்சினாள்.

4

"இதெல்லாம் பிரமைங்க. நானே போட்டுக் காட்டறனுங்க" என்று அந்த ஹீல்ஸை வாங்கிக் காலில் மாட்டினாள் கிருத்திகா. அளவு சரியாக இருந்தது. கண்ணை மூடி, வலது காலைத் தூக்கினாள்.

அனுசுயா வெறுங்காலில், சுவரைப் பற்றியபடி நின்றாள்.

"பிடிச்சிருக்காங்களாக்கா?"

ஆமாம் என்றால் அனுசுயா சொன்னது மெய். கைகள் ஆள் மாறிவிட்டன. இல்லை என்றால் அவை அனுசுயாவுக்கே உரியவை, அவளுக்காகக் காத்திருக்கின்றன. இரண்டையும் எழுதினேன். இரண்டையும் அடித்தேன்.

கிருத்திகா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ஆடவும் இல்லை. உதடு பிரிந்திருக்கிறது, சொல்லை நீங்கள்தான் வைக்க வேண்டும். யோசித்து வையுங்கள். அதைக் கேட்டுத்தான் அனுசுயா சுவரிலிருந்து கையை எடுக்கப் போகிறாள்.