பரோட்டா மாஸ்டரின் ரேகை

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் மணிவேலின் பரோட்டாவுக்கு ஒரு பேர் இருந்தது. கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு அடுக்கி, வெறுங்கையால் பக்கவாட்டில் அடித்து உதிர்ப்பான். மற்ற மாஸ்டர்கள் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வார்கள், துணியைப் பிடித்துக்கொள்வார்கள். இவனுக்கு அதெல்லாம் கௌரவக் குறைச்சல். பாழாய்ப்போன அந்தக் கௌரவம்தான் கடைசியில் கழுத்தை அறுத்தது.

ஜித்தாவில் ஒரு தமிழ் ஹோட்டலுக்கு மாஸ்டர் வேண்டும் என்று ஏஜென்ட் அன்பரசன் தேடி வந்தபோது, மணிவேல் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தான். நாற்பது தாண்டிய ஆளை அந்த முதலாளி எடுக்க மாட்டாராம். இதை விட்டால் இன்னொன்று வராது. மகள் அபிநயாவின் நர்சிங் படிப்பு இதை நம்பித்தான் இருந்தது. அடி அண்ணாமலையில் அவன் வீட்டில் விசாவைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது.

பாஸ்போர்ட் வந்தது. மெடிக்கலில் நெஞ்சும் ரத்தமும் நல்லபடியாகவே தேறின. விரல்கள்தான் காலை வாரிவிட்டன. சென்னையில் விசாவுக்கு ரேகை எடுக்கும் இடத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து விரலை வைக்கச் சொன்னார்கள். எந்த விரலுக்கும் ரேகை விழவில்லை. இத்தனை வருஷக் கல்லுச் சூடு எல்லாவற்றையும் மழித்துவிட்டிருந்தது.

"கொலையே பண்ணாலும் நான் மாட்ட மாட்டேன் போலக்குது அருணா" என்று வீட்டுக்கு வந்து சிரித்தான். அவன் மனைவி அருணாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்பரசன் போனில் கறாராகச் சொன்னான். "இன்னொரு தடவதான் டேட் வாங்க முடியும் மாஸ்டர். அதுவரைக்கும் கல்லாண்டயே போவாதீங்க. தேங்கா எண்ண தடவுங்க, தோலு ஏறிக்கும். இந்த தடவயும் ரேகை உழலன்னா வேற ஆள பாத்துக்குவாங்க."

மணிவேல் வேலைக்குப் போகவில்லை. பௌர்ணமியன்று வாசலில் கிரிவலக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. அருணாதேவி தெருவோரம் சுக்குக் காப்பி விற்றாள். ஹோட்டல்காரர் போன் மேல் போன் போட்டும் அவன் அசையவில்லை. இரவல் வாங்கிய பாத்திரத்தைப் போலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஆனால் ரேகை ஏறிக்கொண்டு வந்தது. டியூப் லைட் அடியில் விரலைத் திருப்பித் திருப்பி, மெல்லிய கோடுகளை அபிநயாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

சென்னைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் கையை உதறினான். "புதுத்தோலு உள்ளார எரியுதுடி."

எரிச்சல் என்றால் அந்த ஊரில் வேறென்ன செய்வார்கள்? வேலியில் மருதாணி தளதளவென்று நின்றது. இலையை உருவி வந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, அம்மியில் மைய அரைத்தாள்.

"ஆம்பளைக்கு இன்னாத்துக்குடி மருதாணி?"

"சூட்ட இழுத்துக்கும் மாமா. கையக் குடு."

குழந்தை மாதிரி நீட்டினான். பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டாள். மிச்சத்தைத் தன் விரல்களில் அப்பிக்கொண்டாள். விடிந்து கழுவியபோது இரண்டு பேருக்கும் நன்றாகப் பிடித்திருந்தது. எரிச்சல் போயே போய்விட்டது என்று சொல்லி அவன் பஸ் ஏறினான். அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது.

திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மறுபடியும் உழல" என்றான். மறுநாள் காலையிலேயே பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் கல்லுக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். அருணாதேவி அழுதாள். தலையெழுத்தைத் திட்டினாள், மெஷினைத் திட்டினாள், அந்த ஜித்தா முதலாளியின் வம்சத்தையே திட்டினாள். ஒரு தெய்வத்தையும் விட்டு வைக்கவில்லை.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க அன்பரசன் பைக்கில் வந்தபோது மணிவேல் வேலையில் இருந்தான். அன்பரசன் வண்டியை விட்டு இறங்கவேயில்லை.

"கையப் பாத்துக்கங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனேக்கா. யாராச்சும் மருதாணி வெச்சிக்கினு ரேகை எடுக்கப் போவாங்களா? கோடு நல்லா ஏறியிருந்துச்சாம். சாயம் மேல மெஷின் புடிக்காது, போனப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டாங்களாம். அதுக்குள்ள டேட் போயிடுச்சி, வேற ஆள எடுத்துட்டாங்க."

அவள் விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அன்பரசன் போன பிறகு வேலி மருதாணியை வேரோடு பிடுங்கப் போனாள். பிடுங்காமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் கையாலேயே மகளின் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

மணிவேல் வேலை முடிந்து வந்தான். அவள் சாப்பாடு போட்டாள்.

"அன்பரசன் வந்தான் மாமா. எல்லாம் சொல்லிட்டான்."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல? ரெண்டு அறை அறைஞ்சிருந்தாகூட ஆறியிருக்குமே."

"சொன்னா நீ தாங்க மாட்ட" என்றான் மணிவேல். மறுபடியும் சோற்றைப் பிசைந்தான். பிறகு சொன்னான். "அதில்லாம, மறுபடியும் ஒருநாள் கை எரியும் எனக்கு. அப்ப நீ பயந்துக்கினு கிட்டயே வரமாட்ட."

அவன் விரல் நுனிகளில் மருதாணியும் இல்லை, ரேகையும் இல்லை. கல்லுச் சூடு இரண்டையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. அவள் விரல்களில் மட்டும் அந்தச் சிவப்பு அப்படியே நின்றது. அடுத்த பௌர்ணமியில் சுக்குக் காப்பி வாங்கிக் குடித்தவர்கள், மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறதே என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.