ஹாரன் அடிக்காத சனிக்கிழமை

பட்டறைக்காரருக்கு ஊர் சுற்றும் கிறுக்கு சனிக்கிழமை காலையில்தான் தலைக்கேறும். வாரம் முழுக்க இடிபட்ட கார்களின் நெளிசலைத் தட்டி நிமிர்த்திவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் வேன் சாவியை விரலில் மாட்டிச் சுழற்றுவார். "கிளம்பு" என்பார். எங்கே என்று மனைவி கேட்டால், "போற வழியில தெரியும்" என்பார். அடுப்பில் இருப்பதை அப்படியே மூடி வைத்துவிட்டு அவளும் ஏறிக்கொள்வாள். ஊரைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் கடல், வலது பக்கம் போனால் மச்சினி வீடு. அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் எங்கே போகிறோம் என்பது அவருக்கே தெரியும்.

மச்சினி, மனைவியின் ஒரே தங்கை. அவள் புருஷன் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான், போட்ட சட்டையில் மடிப்புக் கலையாது. கல்யாணமான புதிதில் சகலையிடம் அவன் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "திடுதிப்புன்னு வந்து நின்னா வீடு போட்டது போட்டபடி கிடக்கும், அண்ணே. தெருமுனையில ஒரு ஹாரன் அடிச்சிட்டு வாங்க. நீங்க உள்ள வர்றதுக்குள்ள அவ டீயைப் போட்டுடுவா."

பட்டறைக்காரருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பழைய லாரியிலிருந்து அவரே கழற்றி வேனில் மாட்டிய ஹாரன் அது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. தெருவே திரும்பிப் பார்க்கும். வேன் வாசலில் நிற்கும்போது கதவு திறந்திருக்கும். மச்சினி முகம் கழுவிய ஈரத்தோடு சிரித்துக்கொண்டு நிற்பாள். எப்போது போனாலும் அப்போதுதான் முகம் கழுவியிருப்பாள். ஒருமுறை நெற்றியில் பிளாஸ்திரி இருந்தது. ஒருமுறை கொளுத்துகிற வெயிலில் மணிக்கட்டு வரை மூடிய ரவிக்கை போட்டிருந்தாள். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன், மாமா" என்றாள். பிளாஸ்திரி அத்தனை நேர்த்தியாக ஒட்டியிருந்ததைப் பார்த்து, "கட்டினா மருந்துக்கடைக்காரனைத்தான் கட்டணும், வைத்தியச் செலவு மிச்சம்" என்று கேலி பேசிச் சிரித்தார் அந்தப் புத்திசாலி.

அந்தச் சனிக்கிழமை சாலை பிரியும் இடத்தில் மனைவி சொன்னாள். "போன வாரமும் கடலுக்குத்தான் போனோம். அவளைப் பார்த்து எத்தனை நாளாச்சு."

அவர் வலது பக்கம் திருப்பினார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். பின்னால் வந்த மணல் லாரி ஒன்று இடது பக்கமாக உரசிக்கொண்டு முந்தியது. வேனின் பக்கக் கண்ணாடி நொறுங்கி மனைவியின் மடியில் விழுந்தது. அவ்வளவுதான், பட்டறைக்காரருக்குப் பித்தம் உச்சிக்கு ஏறிவிட்டது. ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் லாரியைத் துரத்தினார். ஹாரன் அலறி அலறி, தொண்டை கட்டி, கடைசியில் ஏதோ பொசுங்கும் வாடையோடு அடங்கிப்போனது. அதற்குள் லாரியை மறித்துவிட்டார். டிரைவர் இறங்கி வந்தான். பேச்சு வளரவில்லை. ஜன்னல் வழியாகவே கையை விட்டு இவர் மூக்கில் குத்தினான். இவர் சீட்டுக்கு அடியில் கிடந்த தட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்கி லாரியின் முன்விளக்கை உடைத்தார். அவன் இவர் சட்டையைப் பிடித்துச் சாலையோரத்தில் தள்ளி விலாவில் மிதித்தான். இவர் அவன் காலைக் கட்டிக்கொண்டு முழங்காலில் கடித்தார். மனைவி வந்து இருவரையும் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

"பேரன் பேத்தி எடுக்கிற வயசுல கடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள்.

"அவன் முதல்ல குத்தினான்."

வாயெல்லாம் ரத்தத்தோடு அவர் வண்டியை எடுத்தார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே உற்சாகம். மச்சினி வீட்டில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்துவிட்டதல்லவா?

தெருமுனையில் பழக்க தோஷத்தில் ஹாரனை அமுக்கினார். சத்தம் வரவில்லை. "கிடக்கட்டும், இன்னைக்கு ஒரு நாள் திடுதிப்புன்னுதான் போய் நிப்போமே" என்றார்.

வேன் வாசலில் நின்றபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி காதைக் கிழித்தது. இந்த வீட்டில் டிவி சத்தத்தையே அவர்கள் அன்றுதான் கேட்டார்கள். மனைவி கதவைத் தட்டினாள். யாருக்கும் கேட்கவில்லை. சரி, சமையலறை ஜன்னலில் கூப்பிடுவோம் என்று பக்கவாட்டில் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முதுகைப் பார்த்தே ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்.

மருந்துக்கடைக்காரன் மச்சினியின் கூந்தலைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தான். இன்னொரு கை அவள் வாயைப் பொத்தியிருந்தது. அவள் தலையைச் சுவரில் மோதினான், இழுத்தான், திரும்ப மோதினான். முகத்தில் கோபமே இல்லை. பட்டறையில் பையன்கள் தகரம் தட்டும்போதுகூட இதைவிட ஆவேசம் இருக்கும். மேஜை மேல் பஞ்சும் பிளாஸ்திரியும் கத்தரியும் வரிசையாக இருந்தன. அடிப்பதற்கு முன்பே கட்டுப் போடுவதற்கு எடுத்து வைத்திருக்கிறான், பாவி.

பட்டறைக்காரர் வேனுக்கு ஓடிச் சுத்தியலை எடுத்துவந்தார். பூட்டு நாலு அடியில் பிய்ந்தது. அவர் உள்ளே பாய்ந்தபோது அவன் மச்சினியை விட்டுவிட்டுத் திரும்பினான். "வாங்கண்ணே, ஹாரன் சத்தமே கேக்கலையே" என்றான். அந்தக் குரலில்கூட மடிப்புக் கலையவில்லை.

அவர் முதல் அடியை அந்த வாயில்தான் கொடுத்தார், கையால். பல் உடைந்து அவர் விரல் கிழிந்தது. அவன் இஸ்திரிப் பெட்டியை வயரோடு சுழற்றினான்; அது அவர் தோளில் இறங்கியது, கை மரத்துப்போனது. கீழே விழுந்தவரின் கழுத்தில் வயரைப் போட்டு இறுக்கினான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது மனைவி டீக் கெட்டிலை எடுத்து அவன் பின்மண்டையில் போட்டாள். வயர் தளர்ந்தது. பட்டறைக்காரர் படுத்தபடியே சுத்தியலை வீச, அவன் முழங்கால் சில்லு நொறுங்கியது. கேட்கக்கூடாத சத்தம் அது. அவன் சுருண்டு விழுந்தான்.

அவர் எழுந்தார். சுத்தியலைத் தலைக்கு மேல் தூக்கினார். இத்தனை வருஷத்து டீயும் சிரிப்பும் பிளாஸ்திரிக் கேலியும் அந்தக் கையில் வந்து சேர்ந்திருந்தன. இறக்கியிருந்தால் அவன் மண்டையில் நிமிர்த்துவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"அவளைத் தூக்குங்க" என்றாள் மனைவி. "மூச்சு விடுறா. இவனைக் கொன்னுட்டு நின்னீங்கன்னா வண்டியை யாரு ஓட்டுறது?"

அவர் சுத்தியலைக் கீழே போட்டார்.

மனைவி டிவியை அணைத்தாள். பிறகுதான் தங்கையின் மூச்சு காதில் விழுந்தது, சளி கட்டியவள் விடுவதுபோல. அவளைத் தூக்கியபோது வாசலில் பக்கத்து வீட்டார் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மனைவி திரும்பிப்போய் மேஜையிலிருந்த பஞ்சையும் பிளாஸ்திரியையும் அள்ளி, தரையில் முனகிக்கொண்டிருந்தவன் மேல் விட்டெறிந்தாள்.

"அழகா ஒட்டத் தெரியுமில்ல. ஒட்டிக்க."

"இந்த ஊர் ஆஸ்பத்திரி வேண்டாம், அக்கா" என்று மச்சினி முனகினாள். "எல்லாரும் அவருக்குப் பழக்கம்." வேன் வந்த வழியே திரும்பியது. மனைவி பின்சீட்டில் தங்கையின் தலையை மடியில் வைத்து, முந்தானையால் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே போலீசுக்குப் போன் செய்து விலாசம் சொன்னாள். பட்டறைக்காரர் ஒற்றைக் கையால் ஓட்டினார்.

கடைசியில் சொல்லிவிட்டார். "நான்தான், பாப்பா. ஒவ்வொரு தடவையும் ஹாரன் அடிச்சு அவனை உஷார் பண்ணிட்டே வந்திருக்கேன்."

மச்சினி வீங்கிய உதட்டால் ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க, மாமா. ஹாரன் கேட்டாத்தான் அவர் நிறுத்துவார். சனிக்கிழமை ஆனா காதைத் தெருப்பக்கமே வெச்சிருப்பேன். நீங்க வந்துட மாட்டீங்களான்னு."

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்னால் சாலை பிரியும் இடம் வந்தது. போன சனிக்கிழமை அங்கே அவர் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிப் பார்த்திருந்தார். கடல் பக்கமிருந்து காற்று நன்றாக வந்தது. அதனால் இடது பக்கம் திருப்பினார்.