நான்காவது பிளக்

வண்டியில் நான்கு ஹீட்டர் பிளக்குகள். குளிர்ந்து கிடக்கும் டீசல் என்ஜின் கிளம்ப, முதலில் இவை உள்ளே சிவக்கச் சிவக்கக் காய வேண்டும். பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, பல்பு வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மூன்றில் பல்பு எரியவில்லை. கடைசியில் இருந்ததில் மட்டும் எரிந்தது.

மாமா, அதாவது அக்கா புருஷன், ஏழு மாதமாகச் சும்மா இருக்கிறார். இப்போதுதான் ஒரு பேக்கரியில் கடைகளுக்கு ரொட்டி போடும் வேலை தகைந்திருந்தது. சொந்த வண்டியோடு திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆள் தயார் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வண்டியோ இரண்டு வாரமாகக் காலையில் கிளம்புவதே இல்லை. இன்று ஞாயிறு மதியம்.

நான் குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்டு மெக்கானிக்காக இருந்தவன். ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்தேன், திரும்பிப் போகவில்லை. வீட்டில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் நான்தான்.

செத்த மூன்றும் சொன்ன பேச்சு கேட்டுக் கழன்றன. புதிதை மாட்டும் முன் ஒவ்வொன்றையும் பிளையரில் பிடித்துப் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் நுனி சிவந்தது. மூன்றையும் மாட்டினேன்.

"நாலு வாங்கியாச்சுல்ல மாப்ள, நாலையும் போட்ரு" என்றார் மாமா.

நான்காவது நன்றாகத்தான் இருக்கிறது, தொட வேண்டாம் என்றேன். குளிர்ந்த என்ஜினில் இறுகிக் கிடக்கும், முறிந்துவிடும்; கழற்றியே ஆக வேண்டுமென்றால் வண்டியைக் கிளப்பி அரைமணி ஓடவிட்டு, சூட்டோடு கழற்றலாம் என்றேன்.

"ராத்திரி ஷிப்டுல தூங்க மட்டுந்தான் கத்துக்கிட்டியா?"

அப்படியே நான்காவதில் ஸ்பானரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். விரல் சொடுக்கும் அளவுக்கு ஒரு சத்தம். பிளக் கையோடு வந்தது. நுனி வரவில்லை. அது சிலிண்டருக்குள் விழுந்துவிட்டது.

மாமா துளையை எட்டிப் பார்த்தார். "அப்படியே ஸ்டார்ட் பண்ணா?"

"பிஸ்டன் போயிரும்."

"போகாமலும் இருக்கலாம்ல?"

சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றித்தான் நுனியை எடுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நான்கு நாள். அவர் என்னைத் திட்டவில்லை. வண்டி இரவல் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனவர், கேட் வரை போய்த் திரும்பி வந்தார். நேராக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பேக்கரியில் கொடுத்த சட்டையை அக்கா இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள்.

எனக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. மிச்சமிருந்த புதுப் பிளக்கைப் பேட்டரியில் வைத்தேன். அக்கா ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள். நுனி சிவந்தது.

"இது நல்லாத்தானேடா இருக்கு?"

"இது நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

வயரை எடுத்தேன். நுனி கறுக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.